தக்கைப்பூண்டுக்குள் அத்தை

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம், எங்கள் அப்பா நெல் வயலில் தக்கைப்பூண்டு விதைத்தார். எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் அதை வேலை மெனக்கெட்டு விதைத்ததில்லை. முந்தின வருடம் வாய்க்காலில் தண்ணீர் சீக்கிரம் நின்றுபோய், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எங்கள் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எரு போதவில்லை, கடலைப் பிண்ணாக்கு கண்ணிலேயே படவில்லை. பூ எடுக்கும் பருவத்தில் அந்தச் செடியை மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்குச் சத்தும் ஏறும், ஈரமும் நிற்கும் என்று விவசாய ஆபீசிலிருந்து வந்த ஒருவர் சொல்லி, விதையும் கொடுத்துவிட்டுப் போனார். அரிசிக்கு ஊரே அலைகிறபோது இவர் களைச்செடி பயிரிடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். செடி ஆள் உயரத்துக்கு எழும்பியதும் அதே ஆட்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, மீன்சுருட்டிப் பக்கமிருந்த புகுந்த வீட்டிலிருந்து தனியாக நடந்தே வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று சின்னப் பெண்ணான எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதை வைத்து நானாக ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அத்தைக்கு மாமாவைக் கண்டால் பயம்; ஆகவே மாமா கெட்டவர்.

தக்கைப்பூண்டு மஞ்சளாகப் பூத்தது. இன்னும் விட்டால் தண்டு முற்றிவிடும், மண்ணில் மக்காது என்று அப்பா பறந்தார். வாய்க்கால் தண்ணீரை வயலில் கட்டி, பக்கத்து வயல்காரர்களின் ஏர்களையும் கேட்டு வைத்தார். உழவு தொடங்கிய காலையில் நானும் அத்தையும் கூழ்ப்பானையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தோம். பாதையில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. மாமாவும் அவருடைய அண்ணனும் இறங்கினார்கள்.

அத்தை பானையை என் காலடியில் இறக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செடிகளுக்குள் நுழைந்துவிட்டாள். பூங்கொத்துகள் வரிசையாக ஆடிக்கொண்டே போய், நடு வயலில் அசைவு நின்றது. மடையருகே இருந்த அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

“வாங்க மச்சான். வாங்க மாப்ள,” என்றார்.

மாமாவின் அண்ணனை நான் பெரிய மாமா என்பேன். அவர் வரப்பில் கால் வைத்ததுமே ஆரம்பித்தார். “ஊருல தல காட்ட முடியல மச்சான். இன்னைக்கு அவள வண்டியில ஏத்தாம போறதா இல்ல. முடியப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவணும்னாலும் சரி.”

“அவ தா.பழூருக்குல்ல போயிருக்கா. பொழுது சாயத்தான் வருவா.”

பெரிய மாமா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா. அத்தை எங்க?”

“தா.பழூருக்கு,” என்றேன்.

“சரி, வரட்டும். இருக்கோம்.” பூவரச நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். “தம்பி, நீ ஏன் சும்மா நிக்கிற? போயி ஒரு கை குடு.”

அப்பா தடுத்துப் பார்த்தார். “வேணாம் மாப்ள, வந்த எடத்துல...” மாமா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரம்பு மாடுகளின் கயிற்றை வாங்கிவிட்டார். பரம்புப் பலகை முன்னால் போய்ச் செடிகளைத் தண்ணீரில் சாய்க்கும். பின்னால் வரும் ஏர்கள் அவற்றைச் சேற்றுக்குள் புரட்டும். வரப்போரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிற உழவு அது.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் நின்ற பச்சை சுருங்கியது. நசுங்கிய தழையின் வாடை வரப்புவரை வந்தது. செடிகளுக்குள்ளிருந்து தவளைகள் துள்ளி வெளியேறின. பிறகு ஒரு தண்ணிப்பாம்பு நெளிந்து வந்தது. உழவர்கள் கூச்சல் போட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“மாடு களைச்சிடுச்சு. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றார் அப்பா. நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“இன்னும் கொஞ்சந்தான? முடிச்சிடுங்க,” என்றார் பெரிய மாமா.

மாமா மாடுகளைத் திருப்பிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். ஒரு வீட்டு அளவுக்குத்தான் செடி மிச்சம். சட்டென்று கயிற்றை இழுத்து நிறுத்தினார். செடிகளுக்குள் பார்த்தபடியே நின்றார். அவர் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, அதிலிருந்த கடுகு போன்ற முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“மச்சான், அடுத்த வருசத்துக்கு வெதை வேணும்ல?”

அப்பா வேகமாகத் தலையாட்டினார். “வேணும் மாப்ள.”

“அப்ப இந்தத் திட்டு நிக்கட்டும்.”

“நடு வயல்ல எவன்டா வெதைக்கு வுடுவான்?” என்று பெரிய மாமா எழுந்தே விட்டார். “ஓரத்துலல்ல வுடணும்!”

“ஓரத்துல வுட்டா ஆடு மேஞ்சிரும்ண்ணே.” மாமா அதற்குள் மாடுகளை வெளிப்பக்கம் திருப்பிவிட்டார்.

மடையில் கால் கழுவிக்கொண்டு என்னிடம் கூழ் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, “மிச்சத்த வச்சிரு பாப்பா,” என்றார். புளிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அண்ணனிடம் போய், “எனக்குக் குளிர் வர்றாப்ல இருக்குண்ணே. கெளம்புவோம்,” என்றார். வண்டி மறையும்வரை பெரிய மாமா அவரைத் திட்டிக்கொண்டே போனது கேட்டது.

அத்தை எழுந்து வந்தபோது அவள் பாதங்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கெண்டைக்காலில் அட்டைகள். அப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. “அவரு கூழு குடிச்சாரா?” என்று என்னைக் கேட்டாள்.

“கொஞ்சந்தான் குடிச்சாரு,” என்றேன்.

அந்த வருடமும் வாய்க்கால் ஏமாற்றியது. மார்கழியில் சுற்றியிருந்த வயல்களெல்லாம் வெடித்தபோது, எங்கள் வயலில் மட்டும் மண் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கதிர் சாவியில்லாமல், மணி பிடித்து முற்றியது. சிரித்தவர்கள் அப்பாவைத் தேடி வந்தார்கள்.

தை மாதம் மாமா தனியாக வந்தார். அண்ணனிடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு தனியே ஒரு குச்சு வீடு கட்டியிருப்பதாக அப்பாவிடம் சொன்னார். அத்தை அடுப்படியில் நின்று கேட்டாள். கேட்டு முடிந்ததும் உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்டினாள். மாமா கையைப் பிடித்துக்கொண்டு அவளாகவே வண்டியில் ஏறினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாங்கள் அத்தனை பொய் சொல்லிக் காப்பாற்றியும், தெரிந்தே அந்தக் கெட்டவரோடு போகிறாளே! கிளம்பும்போது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். போகட்டும், எப்படியும் அந்த மாமாவுக்குப் பார்வை சரியில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவளையே அன்று பார்க்கத் தெரியவில்லை, மறுபடி ஒளிய வேண்டி வந்தாலும் அத்தை சுலபமாகத் தப்பித்துக்கொள்வாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.