ஹேவ்லுண்டின் நாற்பத்தொரு சாவு

முதியவர் தோர்கிலின் இடது காலில் இறுக்கமான காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள் போடில். குதிகாலில் மடிப்பு விழுந்தால் மாலைக்குள் புண்ணாகிவிடும். ஊர்க் கிணற்றையும் குழாயையும் பார்த்துக்கொள்ளும் ஆக்செல், பத்திரிகையும் கையுமாக முதியோர் இல்லத்துக்குள் வந்தபோதும் அவள் நிமிரவில்லை.

“படிச்சியா? போன வருஷம் ஹேவ்லுண்டுல நாப்பத்தோரு சாவு. மாவட்டத்தைப் போல ஆறு மடங்காம். எல்லாரும் என் தண்ணியத்தான் சொல்றாங்க.”

“சோதனைக்கு அனுப்புனியே?”

“சுத்தம்னுதான் சீட்டு வந்துச்சு. யாரு நம்புறா? நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். கிணத்த மூட கை தூக்கப் போறாங்க.”

“நான் அந்தத் தண்ணிய ரெண்டு வருஷமா குடிக்கிறேன்” என்றார் தோர்கில். “ஒண்ணும் ஆகல.”

“நீங்க குடிக்கிறது பீரு. கால நீட்டுங்க.”

போடில் இந்த வேலைக்கு வந்து முப்பது வருஷம். ஒருமுறை ஒரு கிழவிக்கு நாற்பது டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்று யாரோ எழுதிவைக்க, மருத்துவர் பனியில் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால், வெப்பமானியை வாயில் வைக்கச் சற்று முன்புதான் கிழவி கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்திருந்தாள். அன்றிலிருந்து தானே சரிபார்க்காத எந்த எண்ணையும் போடில் யாருக்கும் சொன்னதில்லை.

இல்லத்தில் ஒருவர் இறந்தால் முற்றத்துக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கும். இறக்குபவள் அவள்தான், தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பாள். அந்த நோட்டை எடுத்து எண்ணினாள். போன வருஷம் முப்பத்துநான்கு முறை.

ஊரில் அறுநூற்று நாற்பது பேர். அதில் அறுபது பேர் இல்லத்தில். பக்கத்து நான்கு ஊர்களிலிருந்தும் முடியாதவர்கள் இங்கேதான் வருகிறார்கள்; வந்ததும் முகவரியும் இங்கே மாறிவிடும். செத்தால் ஹேவ்லுண்ட் கணக்கு. மற்ற ஐந்நூற்று எண்பது பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். எந்த ஊரிலும் அவ்வளவுதான்.

அந்தச் செய்தியை எழுதிய செய்தியாளர் ரூனெயைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“எண் அரசாங்கத்துப் புள்ளிவிவரங்க. தப்பே இல்ல.”

“எண்ணு சரிதான். யார எண்ணியிருக்காங்கன்னு பாத்தீங்களா?”

எல்லாவற்றையும் சொன்னாள். ரூனெ சொன்னார்: “பதினாலாம் பக்கத்துல ஒரு திருத்தம் போடலாம்.”

“முதல் பக்கத்துல கத்திட்டு பதினாலாம் பக்கத்துல முனகுவீங்களா? காலையில ஏழு மணிக்கு நேர்ல வாங்க. உங்க கையாலயே எண்ணிக்குங்க.”

மறுநாள் காலை ரூனெ வந்தார். போடில் வேலையை நிறுத்தவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு கதவு கதவாகப் போனாள். ஒவ்வொருவரிடமும் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று அவரையே கேட்க வைத்தாள். அறுபது பேரில் ஹேவ்லுண்ட்காரர்கள் பதினொரு பேர்தான். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதி, அவளிடம் வாசித்துக்காட்டினார்: “சில தகவல்கள் விடுபட்டிருக்கலாம்.”

“‘லாம்’ எதுக்கு? விட்டது நீங்கதானே.”

அவர் அதை அடித்துவிட்டு, “நாங்கள் தவறாக எழுதினோம்” என்று மாற்றினார். எட்டரை மணிக்கு அது இணையத்தில் முதல் செய்தியாக வந்தது. போடில் அதை ஐந்து படி அச்செடுத்து, ஒன்றை ஊர்க் கடையில், கிணற்றுக்குப் பயந்து எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த பாட்டில் தண்ணீர் அலமாரியில் ஒட்டினாள். மற்ற நான்கையும் கூட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆக்செலிடம் கொடுத்தாள்.