முச்சனேட்டாவுக்கு ஒரு டாக்டர்

கெரேசியாவின் நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. களியில் நெத்திலிக் கருவாட்டைப் பிசைந்து வைத்தாள். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நாள் காலை அது சுவரோரம் பெய்த மூத்திரம் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது.

ருசாபே சந்தையில் பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். ஐம்பத்து மூன்று வயது. கணவன் இல்லை. இரண்டு மகன்களும் எல்லை தாண்டித் தெற்கே போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிஹேரா என்று குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குலத்துப் பெண்கள் யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார்கள் என்று பேச்சு. கெரேசியாவுக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் பெருமை உண்டு.

நாயின் பெயர் முச்சனேட்டா. பேசிப் பேசி நீங்களே ஓய்ந்து போவீர்கள் என்று பொருள். வெங்கேரே குடியிருப்பில் எல்லா நாய்களின் பெயரும் இப்படித்தான். நேருக்கு நேர் சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்துவிட்டுக் காலையும் மாலையும் வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுவார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். முச்சனேட்டா என்ற பெயர் பக்கத்து வீட்டு ஃபெராசியாவின் காதில் விழ வைத்தது. ஒரு மாதம் கழித்து ஃபெராசியாவும் ஒரு குட்டி வாங்கி, அதற்கு ருரிமி என்று பெயர் வைத்தாள். ருரிமி என்றால் நாக்கு.

எட்டு வருஷம் முன்பு வரை இரண்டு பேரும் ஒரே சட்டியில் கீரை ஆய்ந்தவர்கள். ஃபெராசியாவின் மகள் லவ்நெஸ்ஸுக்குக் கல்யாணம் வந்தது. உடுப்பைக் கெரேசியாதான் தைத்தாள். ஆறு வாரத்தில் இரண்டு முறை அளவெடுத்தாள். இடுப்பு மூன்று அங்குலம் ஏறியிருந்தது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தையலை மட்டும் பிரித்து விட்டாள். ஆனால் விஷயம் எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணத்தன்று அவனுடைய அத்தைகள் ஆடிக்கொண்டே அதைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். கூட்டம் சிரித்தது. ஃபெராசியா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் வேலியோரம் நின்று, "அளவெடுத்தவளத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் கெரேசியா. அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது.

பிறகு நாய்கள்தான் பேசின. காலையில் "ருரிமி!" என்று அந்தப் பக்கம் குரல் எழும். "முச்சனேட்டா!" என்று இவள் பதில் கொடுப்பாள். முதல் வருஷம் அதில் கோபம் இருந்தது. பிறகு எப்போதோ அது வற்றிவிட்டது. காலையில் அந்தக் குரல் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் கெரேசியா அடுப்பை விட்டு வெளியே வந்து நின்று பார்ப்பாள். குரல் வந்த பிறகு உள்ளே போவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாய் படுத்ததும் அவளுக்கு வந்த பயம் அதுதான். இது போய்விட்டால் நாளைக் காலை வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவது?

சந்தையில் செருப்புத் தைக்கும் ஜொனாசியிடம் கேட்டாள்.

"ஜொனாசி அண்ணே, நாய்க்கு நல்ல டாக்டர் யாரு?"

"நாய்க்கா? எனக்கு மூணு வருஷமா முட்டி வலி. எனக்கே டாக்டர் கிடையாது."

"விளையாடாதீங்க."

"சர்க்கார் ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு. ஆனா மாட்டத் தவிர எதையும் பாக்கமாட்டாரு. வாலைத் தூக்கிப் பாத்துட்டு, கொம்பு எங்கேம்பாரு."

"அப்போ?"

"முத்தாரே டவுன்ல பெரிய டாக்டருங்க இருக்காங்க. கண்ணாடிக் கதவு, சோபா எல்லாம் இருக்காம். உன் நாய எந்த வண்டிக்காரன் ஏத்துவான்? பேசாம பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தீவனக் கடைக்குப் போ. அந்தப் பையன் எல்லாத்துக்கும் மருந்து வச்சிருக்கான்."

தீவனக் கடைப் பையன் நாயைப் பார்க்கவில்லை. "என்ன எடை இருக்கும்?" என்றான். அவள் கைகளை விரித்துக் காட்டினாள். மாட்டுப் படம் போட்ட பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான். அதைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் புகட்டினாள். முச்சனேட்டா குடித்ததையும் கக்கியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட வேலியோரம் போனாள். அந்தப் பக்கம் ஃபெராசியா நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா ருரிமி?" என்று அவள் குரல் ஓங்கியது. "சில பேரு மாட்டு மருந்த நாய்க்குக் குடுக்குறாங்களாம். டேப்ப வச்சு ஊரையே அளக்கிறவங்க. சொந்த நாய அளக்கத் தெரியல."

கெரேசியா தண்ணீரைக் கொட்டினாள்.

"போன வருஷம் பாம்பு உன் கண்ணுல விஷத்தத் துப்பிச்சே, அப்போ உன்ன யாருகிட்ட தூக்கிட்டு ஓடினேன்? ரயில் கேட்டத் தாண்டி, மாவு மில்லுக்குப் பின்னால, அந்த முனேமோ டாக்டர்கிட்ட. மூஞ்சி எப்பவும் கடுகடுன்னுதான் இருக்கும். இருந்தா என்ன, மூஞ்சியா ஊசி போடுது? மொதல்ல கையக் கழுவுவாரு. அப்புறம் நாயோட வாயத் தெறந்து பாப்பாரு. அதுக்கப்புறந்தான் மனுஷங்களோட பேசுவாரு. டாக்டர்னா அப்படி இருக்கணும்."

தட்டில் அகப்பை மோதும் சத்தம் கேட்டது.

"ஏழு மணிக்கே போயிரணும். எட்டு மணிக்கு அவரு பண்ணைப் பக்கம் கெளம்பிருவாரு. நல்லா மென்னு தின்னு, சனியனே."

எட்டு வருஷத்தில் அந்தக் குரல் இவ்வளவு நேரம் பேசிக் கெரேசியா கேட்டதில்லை. அது முடிந்ததும் காலிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு திரும்பி, சுவரோரம் கிடந்த தன் நாயைப் பார்த்து, அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஏழு மணிக்காம்" என்றாள்.

காலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சீருடைத் துணி வெட்டுகளை விரித்து நாயைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனாள். முனேமோ கையைக் கழுவினார். நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது. காது மடலுக்குப் பின்னாலிருந்து ஒரு உண்ணியைப் பிடுங்கி அவளிடம் காட்டினார்.

"உண்ணிக் காய்ச்சல். எத்தன நாளாச்சு?"

"ஆறு நாள் ஐயா."

"ஆறு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவள் நாயின் அடியில் கிடந்த துணியைச் சரிசெய்தாள்.

"உள்ள இருக்கிற கிருமிய ஊசி கொன்னுடும். ஆனா ரத்தம் முக்கால்வாசி போயிடுச்சு. வேற ரத்தம் ஏத்தணும். நல்லாத் தின்னு வளர்ந்த பெரிய நாய் ஒண்ணு வேணும். மத்தியானத்துக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா சாயங்காலம் வந்து இத எடுத்துட்டுப் போங்க, புதைக்க."

வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். யாரிடம் பெரிய நாய் இருக்கிறது? ஜொனாசியின் நாயில் விலா எலும்புதான் உண்டு. தெருவில் நன்றாகத் தின்று வளர்ந்த நாய் ஒன்றுதான். அதற்கு அரிசிக் கஞ்சியில் முட்டை உடைத்து ஊற்றுவதை வேலி இடுக்கு வழியாக இவளே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

வேலியோரம் போய் நின்றாள். ஃபெராசியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஜாடையாகச் சொல்லலாம் என்றால் இவள் பக்கத்தில் நாய் இல்லை. யாரைப் பார்த்துச் சொல்வது?  வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ருரிமியையே பார்த்துச் சொன்னாள்.

"ருரிமி. டாக்டர் ரத்தம் கேக்குறாரு. பெரிய நாயோட ரத்தம். மத்தியானத்துக்குள்ள வேணுமாம்." வேலியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேற யாரும் இல்ல."

நாய் வாலை ஆட்டியது. ஃபெராசியா கையிலிருந்த சட்டையை உதறினாள், இரண்டு முறை. அதைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் கயிறு இருந்தது. மேலே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"எந்திரி நாக்கே" என்றாள். "ஓசியிலயே தின்னு வளர்ந்தேல்ல. வா, கொஞ்சம் குடுத்துட்டு வருவோம்."

ஒருத்தி முன்னால் போனாள். மற்றவள் இருபது அடி பின்னால் நடந்தாள். ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஃபெராசியாவின் தலைத்துணிக்குக் கீழே முடி முழுதும் நரைத்திருந்ததைக் கெரேசியா அப்போதுதான் பார்த்தாள். வேலிக்கு அப்பாலிருந்து அது தெரிந்ததே இல்லை.

முனேமோ ருரிமியின் கழுத்தில் மயிரைச் சிரைத்தார். சீட்டை எடுத்தார்.

"இதோட பேரு?"

"ருரிமி" என்றாள் ஃபெராசியா.

அவர் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். முச்சனேட்டா என்று எழுதியிருந்தது. முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ நெளிந்தது.

"பக்கத்துப் பக்கத்து வீடா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு நாயைப் பார்த்தார்கள். "நல்ல ஊரு" என்று முனகிவிட்டு ஊசியைக் குத்தினார்.

இரண்டு மேசைகள். ஒன்றில் ருரிமியின் தலையைப் பிடித்துக்கொண்டு ஃபெராசியா நின்றாள். மற்றதில் முச்சனேட்டாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெரேசியா. பை மெல்ல நிறைந்தது. டாக்டர் அதை எடுத்து இந்தப் பக்கம் கம்பியில் மாட்டிவிட்டு, யாரோ கூப்பிட வெளியே போனார்.

"அசையாதே ருரிமி" என்றாள் ஃபெராசியா. "அடுத்த மாசம் லவ்நெஸ் வரா. அவ பொண்ணுக்கு உன்னக் கண்டா பயம். மூணாம் வகுப்பு போறா, இன்னும் பயம். நடை அப்படியே அவ அம்மா நடை. கணக்குல மட்டும் கெட்டி."

கெரேசியா கேட்டுக்கொண்டே நின்றாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்ததில்லை. யாருடைய மூக்கு, என்ன பெயர், சீருடை யார் தைக்கிறார்கள்? கேட்க ஆயிரம் இருந்தது. டேப்பில் மூன்று அங்குலமாக அந்தக் குழந்தையை உலகத்தில் முதலில் பார்த்தவள் அவள்தான்.

குனிந்து முச்சனேட்டாவின் காதருகே சொன்னாள். குரல் தானாகவே உரக்க வந்தது.

"சந்தையில பொத்தான் விக்கிறாளே எம்மான்னு ஒருத்தி, அவகிட்ட லவ்நெஸ்ஸோட அளவ நான்தான் சொன்னேன். சிரிப்புக்குச் சொன்னேன். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கிட்டேன். அதுக்குள்ள போயிடுச்சு."

நாயின் காது லேசாக அசைந்தது. மற்ற மேசையில் ருரிமியின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.  பிறகு மறுபடி தடவத் தொடங்கியது.  டாக்டர் வந்து, ஃபெராசியாவின் நாயை அழைத்துப் போகலாம் என்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

முச்சனேட்டா பிழைத்தது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. கஞ்சி குடித்தது. நான்காம் நாள் ஒரு கோழியைத் துரத்தியது.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரவில்லை. காலையில் ஒரு சீழ்க்கை, மாலையில் ஒரு சீழ்க்கை. அவ்வளவுதான். நாய்க்கு அது போதுமாயிருந்தது, ஓடிவிடும். கெரேசியாவும் தன் நாயைக் கூப்பிட வாசலுக்கு வருவாள். அந்தப் பெயர் வாயில் வராது. தட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். ஒரு வாரம் தெரு அப்படியே கிடந்தது. "என்ன சிஹேரா, உங்க பக்கம் யாராவது செத்துட்டாங்களா?" என்று ஜொனாசி கூடக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்த கெரேசியா தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். பக்கத்து வாசலில் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குவித்து, நன்றி சொல்ல வந்தவர்கள் தட்டுவது போல மெதுவாகத் தட்டினாள்.

"மாமோயோ" என்றாள். அது ஃபெராசியாவின் குலப்பெயர். "வந்திருக்கேன்."

கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. ருரிமி வந்து கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. அதன் கழுத்தில் சிரைத்த இடத்தில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது.

உள்ளேயிருந்து பதில் வரும்வரை வந்தவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டும். அவள் மறுபடி கைகளைக் குவித்தாள்.