பெண் வீட்டு ஷூ

முகையூர் சீனுவாசனுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பெண் கிடைத்தது. சொந்த நிலம், வற்றாத போர்வெல், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பயிர் வைக்கிறவன் என்றதுமே தரகர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். கடைசியில் திண்டிவனம் பக்கம் கிளியனூரில் கலைப்பிரியா சம்மதித்தாள். அதனால் அவள் வீட்டார் எதைக் கொடுத்தாலும் சீனு வாயைத் திறக்கவில்லை. கோட்டு கொடுத்தார்கள், கூர் மூக்கு வைத்த கறுப்பு ஷூ கொடுத்தார்கள்.

"கடையில எங்க அத்தை பையன் செல்வகுமாரு போட்டுப் பாத்தான் மாமா. அவனுக்குப் பத்துச்சி, உங்களுக்கும் பத்தும்" என்று கலைப்பிரியாவின் தம்பி தீனதயாளன் பெட்டியை நீட்டினான்.

பத்தவில்லை. சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலாய் நடந்து அகன்றுபோன பாதம் அது. இறுக்குகிறது என்று சொன்னால் மாப்பிள்ளை முறுக்கு என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவுக்காகச் செஞ்சிக்கோட்டைப் படியெல்லாம் அந்த ஷூவோடு ஏறி இறங்கினான். மறுநாள் வலது கால் கட்டைவிரலின் ஓரம் சிவந்து வீங்கியது. நகம் குத்துகிறதே என்று பிளேடால் அதன் மூலையை ஆழமாகத் தோண்டி எடுத்தான். அப்போதைக்குச் சுகமாக இருந்தது. உள்ளே ஒரு சிலும்பு நின்றுவிட்டது. நகம் வளர வளர அது முள்ளாகச் சதைக்குள் இறங்கியது. நகச்சுத்து என்று நினைத்து அம்மா பவுனு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகினாள். சீழ் பிடித்தது.

"விழுப்புரம் போயி டாக்டராண்ட காட்டிக்கினு வாடா."

"யாராச்சும் பாத்தா கால்ல புண்ணு, சுகருன்னு கெளப்பி வுட்டுடுவானுங்க. தாலி கட்டிட்டு காட்டிக்கிறேன்."

போனில் கலைப்பிரியா, "இன்னாங்க, குரலு ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டபோதும், "மல்லாட்ட செடி புடுங்கிட்டு வந்தேன், அலுப்பு" என்றான்.

திண்டிவனத்தில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்பன்று பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டாமல் நடந்து காட்டினான். நாற்காலியில் உட்காரவைத்துப் பெண்கள் அவன் கையில் ஜாங்கிரியைத் திணித்தார்கள். அவன் மறந்தே போயிருந்த சடங்கு அப்புறம்தான் வந்தது. மாப்பிள்ளையின் காலை மச்சான் கழுவ வேண்டும்; அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். தீனதயாளன் பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து குந்தினான்.

"வேணாம் மச்சான். ஷூ மேலயே தண்ணி தெளிச்சி வுட்டுடு."

"மோதிரம் போடாம தப்பிக்கப் பாக்கறீங்களா மாமா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்ட, ஷூவை வெடுக்கென்று இழுத்தான். சீனு அலறினான். சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. அதையும் உரித்தான். தாம்பாளத்துத் தண்ணீரில் சீழும் ரத்தமும் பரவின.

"த்தூ, இன்னா நாத்தம்" என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள்.

"நகம் உள்ள வளந்துடுச்சி, அவ்ளோதான்" என்றான் சீனு.

பெண்ணின் தாய்மாமன் விருத்தாசலம் பழைய சர்க்கரை நோயாளி. ரத்தம் பார்க்கிற மெஷின் எப்போதும் அவர் பையில் இருக்கும். "எனக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிது. வெரல நீட்டுப்பா" என்று, ஜாங்கிரிப் பாகு காயாத விரலைப் பிடித்துக் குத்தினார்.

மெஷின் முந்நூறைத் தாண்டியது.

"இன்னா சம்பந்திம்மா, நோயாளிய எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?"

பவுனு அவர் காலைப் பிடித்தாள். அவர் உதறிக்கொண்டார். "மாப்ள கையில மிச்ச ஜாங்கிரி கீறதப் புடுங்குடா, இன்னும் ஏறிடப் போவுது!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. மணப்பெண் அறை வாசலில் பாதி அலங்காரத்தோடு நின்ற கலைப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கழற்றிய ஷூவைக் கையில் பிடித்தபடி சீனு கார் ஏறினான்.

மறுநாள் காலை விழுப்புரத்து டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு சுகரே இல்லப்பா. கையக் கழுவிட்டா குத்துனாங்க?"

"ஜாங்கிரி தின்ன கை சார்."

"அப்ப மெஷினு ஜாங்கிரியத்தான் பாத்திருக்கு." விரலை மரத்துப்போக வைத்து நகத்தின் ஓரத்தை வெட்டி எடுத்தார். "நகத்த நேரா வெட்டு. மூலையத் தோண்டாத. வெரலு அசையற மாதிரி ஷூ போடு. வலிச்ச அன்னிக்கே வந்திருந்தா வெதுவெதுன்னு தண்ணியில ஊற வெச்சே சரி பண்ணியிருக்கலாம்."

பவுனு வெளியே ஓடிவந்து விருத்தாசலத்துக்குப் போன் போட்டாள். பையனுக்குச் சுகரே இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார், வேறு முகூர்த்தம் பார்க்கலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் மேளச் சத்தம் கேட்டது.

"சந்தோசம்மா. ஆனா காலையிலயே எங்க செல்வகுமாரு தாலி கட்டிட்டான். குறிச்ச முகூர்த்தத்த வுட முடியுமா?" அவர் எதையோ மென்று விழுங்கினார். "அப்புறம், அந்தக் கோட்டும் ஷூவும் நாங்க எடுத்ததுதான? ஜல்தியா யாராண்டயாவது குடுத்தனுப்பு. சாயங்காலம் ரிசப்ஷனுக்குப் புள்ளைக்குப் போட ஒண்ணும் இல்ல."

பவுனு மகனைப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலை வாசல் பெஞ்சின் மேல் நீட்டியிருந்த சீனு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"குடுத்துடும்மா" என்றான். "அவனுக்குப் பத்தும்."