மறிச்சுக்கட்டியின் பலகைக் கிணறு

தலைமன்னாரிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டேன். கையில் ஒரு குடை. தோல் பையில் உம்மா கட்டித் தந்த ரொட்டியும் பொரித்த மீனும், ஒரு வெறும் போத்தலும். பதினெட்டு மைல் கடந்து மன்னாரில் இறங்கி, சிலாவத்துறைக்குப் போகும் மீன் வள்ளத்தில் இருபத்தைந்து சதத்துக்கு ஓர் இடம் பேசிக்கொண்டேன். சோளகக் காற்று அடங்கிக் கடல் படுத்துக் கிடந்தது. மாரி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

வள்ளக்காரர் என் சப்பாத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்.

"தம்பி கந்தோர் ஆளோ, கவுண்மேந்து உத்தியோகமோ?"

"இல்லை. ஒரு கிணறு பாக்கப் போறன்."

"கிணறு பாக்க?" அவர் பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினார். "சரி. சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ."

நான் சொன்னது உண்மைதான். என் உம்மம்மா ஆசியா உம்மா கிணறு கட்டுகிறவர். கணவர் நோயில் விழுந்தபோது அவருடைய கிணற்று வேலையாட்களைத் தான் பொறுப்பெடுத்து, முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையெங்கும் வேலை செய்தார். பள்ளிவாசல், கோயில், ரயில் பங்களா எல்லாவற்றுக்கும் அவர் வைத்த இடத்தில்தான் தண்ணீர். முத்துக்குளிப்புக் காலத்தில் மறிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஓலைப் பட்டணமே எழும்பும். அந்தச் சனத்துக்கு அரசாங்கம் கட்டுவித்த கிணறுகளில் ஒன்றும் அவருடையது; பிறகு ஊரார் அதில்தான் தண்ணீர் அள்ளினார்கள். காகிதத்தில் மட்டும் கணவரின் பெயர் இருந்தது.

வேலை தொடங்குமுன் உம்மம்மா மண்ணில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து உப்புப் பார்த்துத் துப்புவார். பிறகு தூக்குக்குண்டை என் கையில் தந்து கிணற்றுக் கட்டில் இருத்துவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். அனுப்பியவரும் அவரே. "துரைமார் எழுதுறதை நீ வாசிச்சுச் சொல்லோணும் மகன். எனக்கு அவங்களில நம்பிக்கை இல்லை" என்பார்.

அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தபோது, மறிச்சுக்கட்டியிலிருந்து காசிம் காக்கா என்றொருவர் வந்திருந்தார். வயிறாறச் சாப்பிட்டுக் கையைக் கழுவிய பிறகு சொன்னார்: "சோறு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கட கிழவி எங்களுக்குப் போட்ட கிணறு உப்பாப் போச்சு. நெஞ்சளவு தோண்டிப்போட்டு முழுக்கூலி வாங்கினவ. ஊரை ஏமாத்திப்போட்டா."

உம்மா அன்று ஒரு பிடி சோறு தொடவில்லை. மனிதருக்குச் செய்த குற்றத்தை மனிதர்தான் மன்னிக்க வேண்டும். ஊர் மன்னித்துப் பொருந்திக்கொள்ளாவிட்டால் கபுறுக்குழியில் உம்மம்மாவின் நிலை என்ன? "போய்ப் பொருத்தம் கேட்டு வா மகன்" என்றார். அதற்குத்தான் இந்தப் பயணம். அவர் ஏமாற்றியிருப்பாரோ என்று வழியெல்லாம் எனக்கும் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

சிலாவத்துறையில் இரவு தங்கி, விடிய மாட்டுவண்டி பிடித்தேன். தெற்கே பத்து மைல், எல்லாம் மணலும் முட்பற்றையும். வண்டிக்காரர் நான் களவாகக் காடு வெட்டுகிறவர்களைப் பிடிக்க வந்த உளவாளி என்று முடிவுகட்டி, கேட்காமலே தன் அயலவர் மூவரின் பெயரைச் சொன்னார். தன் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

ஊருக்குள் போனதும் பள்ளிவாசல் முற்றத்தில் அமரச் சொன்னார்கள். அமரப்போன நான் அப்படியே நின்றுவிட்டேன். உட்கார வாங்காகப் போட்டிருந்தவை நான்கு தடித்த பனம் பலகைகள். ஒவ்வொன்றிலும் விரல் நுழையுமளவு துளைகள். எங்கள் வீட்டுக் கிணற்றின் அடியில் கிடப்பதும் இதே பலகைதான்.

"இது எங்கால வந்தது?"

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார், "கிணத்துக்கு அடியில கிடந்தது தம்பி" என்றார்.

"ஆர் கழட்டினது?"

எல்லோரும் ஓரத்தில் நின்ற காசிம் காக்காவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"நீரே யோசியும். கிணத்துக்கு ஆரும் பலகையால தளம் போடுவினமோ? இது முத்து விளைஞ்ச கரை. தளம் போட்டா அதுக்குக் கீழ என்னமோ ஒளிச்சு வைச்சுத்தானே?"

"கிண்டிப் பாத்தீங்களோ?"

"ரெண்டு ஆள் ஆழம்."

"என்ன அம்பிட்டது?"

"உப்பு" என்றார் மோதினார்.

என் நெஞ்சில் குத்திய முள் அங்கேயே கழன்று விழுந்தது. சிறுவயதில் நானும் இதைத்தான் உம்மம்மாவிடம் கேட்டிருந்தேன், ஏன் ஆழமாகத் தோண்டுவதில்லை என்று. "இந்தக் கரையில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் படுத்திருக்கு மகன். கீழ கிடக்கிறதைத் தட்டி எழுப்பாதே" என்றார். எழுப்ப வருகிறவர்களைத் தடுக்கத்தான் பலகை. துளை வழியே நல்ல தண்ணீர் ஊறும், மண்வெட்டி இறங்காது.

இதைச் சொன்னேன். நம்பியவர் ஒருவருமில்லை. ஆகவே கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளி, மணல்மேட்டு ஓரமாக ஒரு பள்ளம் கிண்டினேன். ஈரம் கண்டு, சிரட்டையளவு தண்ணீர் ஊறியதும் நிறுத்தினேன். மோதினார் குடித்தார், மற்றவர்கள் குடித்தார்கள். காசிம் காக்கா கடைசியாக வாங்கி, வாயில் வைத்துக் கொப்பளித்து, என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"சீனி கீனி போட்டனீரோ?"

"ஓமோம், தலைமன்னாரிலயிருந்து மூட்டையில கொண்டந்தவர்" என்றார் மோதினார். "போ காசிம், பலகையைத் தூக்கு."

அசர் தொழுகை வரை ஊரே மணல் சுமந்து கிணற்றைப் பழைய மட்டத்துக்கு நிரப்பியது. உம்மம்மா செய்வதுபோல் கழுவிய சிப்பித்தூள் பரப்பி, நான்கு பலகைகளையும் பொருத்தினேன். அப்போதும் ஊறியது உப்புத்தான். ஒரு மாரி பெய்து மேலே நல்ல தண்ணீர் தேற வேண்டும்.

புறப்படும்போது காசிம் காக்கா வண்டியடிக்கு வந்தார். என் பையை வாங்கித் திறந்து, குடையையும் விரித்து உதறிப் பார்த்தார். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது?"

"கிணத்துத் தண்ணி. உம்மாக்கு."

போத்தலை மெதுவாக உள்ளே வைத்துப் பையைக் கட்டினார். "அவவுக்கு நாங்கள் பொருந்திட்டம் தம்பி. நான் கத்தத்தில சொன்னதுக்கு நீங்கள்தான் பொருந்திக்கொள்ளவேணும்."

நான் அந்தப் பக்கம் போனதும் இவர் இந்தப் பக்கம் பலகையைக் கழற்றமாட்டார் என்பது என்ன நிச்சயம்?

"மாரி முடிய உம்மா வருவா காக்கா. தண்ணி குடிச்சுப் பாத்து அவ சொல்லுவா."

வீட்டில் உம்மா போத்தல் தண்ணீரை ஒரு மிடறு குடித்து உப்பில் முகம் சுளித்தார். நடந்ததைச் சொன்னேன். அழுதார், சிரித்தார், பிறகு மூன்று நேரச் சோற்றையும் ஒரே இருப்பில் சாப்பிட்டார். நான் கைகழுவக் கிணற்றடிக்குப் போனேன். தெளிந்த தண்ணீருக்கு அடியில் எங்கள் பலகைகள் கறுத்துத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒருவரும் கிண்டிப் பார்த்ததில்லை. வாளியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

"என்ன மகன் அப்பிடிப் பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை உம்மா" என்றேன்.