‘தெரியும், சொல்ல மாட்டேன்’ என்ற அக்கா

சில வருடங்களுக்கு முன்னால், தாராவிச் சந்துகளுக்குள் மழைத்தண்ணீர் புகுந்திருந்த ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது நானும் என் நான்கு வயது மகளும் இரும்பு ஏணியில் ஏறிப் போகிற ஒரு மேல் அறையில் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தோம். ஒளிந்து என்று சும்மா சொல்லவில்லை. என் கணவருக்குப் பம்பாயை ஒட்டிய தாணேயில் பெயின்ட் அடிக்கும் வேலை. குடியும் சந்தேகமும் சேர்ந்த மனிதர். ஒருநாள் பெயின்டில் கலக்கிற தின்னர் டப்பாவை என் தலையில் கவிழ்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். அவர் தேடிய அந்த நேரத்தில்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தேன். தலைமுடியிலிருந்து அந்த வாசனை போகவே வெகுநாள் ஆயிற்று.

துணிப் பட்டறை ஒன்றில் நூல் கத்தரிக்கும் வேலை கிடைத்தது. பட்டறையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பட்டறை. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. பம்பாய் பெரிய ஊர்தான், ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது ஒரே தெரு. தாராவியில் தும்மினால் தாணேயிலிருந்து நலம் விசாரிப்பார்கள்.

அந்த மழையில் பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் அரிசி இல்லை. சர்ச்சின் பெண்கள் சங்கத்தார் எங்கள் சந்து முனையில் அரிசியும் பருப்பும் கொடுப்பதாகச் சொன்னார்கள். மகள் பசி பசி என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். முந்தானையை நன்றாக இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

சங்கத்தின் செயலாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. நல்ல மனசு, ஆனால் அது நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும் என்று நினைக்கிற மனசு. நோட்டீசில் பெயர் விட்டுப்போனால் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். என் முறை வந்ததும் பையின் ஒரு காதை என் கையில் கொடுத்து, மறு காதைத் தான் பிடித்துக்கொண்டு, தன் போனைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்து நின்றார். “ஏட்டி, மொகத்த ஏன் மூடுத? கொஞ்சம் சிரிச்சாப்பல நில்லு” என்று உரிமையோடு என் முந்தானையை விலக்கிவிட்டார். நான் திரும்புவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

சோறு பொங்கி மகளுக்குக் கொடுத்தேன். மனசு கேட்காமல் மத்தியானமே அக்கா வீட்டை விசாரித்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டேன். போட்டோவை அழித்துவிடுங்கள் என்றதும் அவருக்கு எரிச்சல் வந்தது. “ஒரு போட்டோவுல என்ன குடிமுழுகிப் போச்சு?” என்றார். பிள்ளைக்குக் கேட்கக்கூடாதென்று அவர் காதோடு விஷயத்தைச் சொன்னேன். சட்டென்று போனைத் தேடி எடுத்தார்.

பார்த்தால் காலையிலேயே நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போட்டோ போயிருந்தது. தன் ஸ்டேட்டசிலும் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். தாணேயிலிருந்து, என் கணவருக்குச் சொந்தக்காரர் ஒருவர். “பச்சச் சேலையில நிக்கது நம்ம பய பொண்டாட்டிதான? பாவம், பொண்டாட்டி புள்ளயக் காணாம அலையுதான். போட்டோவக் காட்டினேன். அங்கதான் வந்துட்டு இருக்கான். கொஞ்சம் புடிச்சு வையிங்க.” அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்துப் பேசினார்.

அக்கா போனை அணைத்தார், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், கிளம்பு என்றார். மாற்றுத் துணி எடுக்கக்கூட என்னை வீட்டுக்கு விடவில்லை.

பக்கத்திலிருந்த சயான் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே இன்னொரு பயம். தாணேயிலிருந்து வருகிறவர் இறங்குவதும் அதே ஸ்டேஷனில்தான். எதிர் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு வண்டி வந்து நின்றபோதும் நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன். எங்கள் வண்டி வந்து, ஏறி, அது நகர ஆரம்பித்தபோது அவரைப் பார்த்தேன். பெயின்ட் கறை படிந்த அதே சட்டை. கூட்டத்துக்கு நடுவே நின்று குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

குர்லாவில் மாறி வாஷிக்குப் போனோம். கோபர்கைரனேயில் அக்காவின் தங்கை வீடு இருக்கிறதாம். வாஷியில் அடுத்த வண்டி வந்து நின்றது. அதன் நெற்றியில் ‘தாணே’ என்று எழுதியிருந்தது. அது கோபர்கைரனே வழியாகத்தான் தாணேக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரைப் பார்த்ததும் பிடித்துக் கொடுக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று தோன்றிவிட்டது. ஏற மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. அக்கா கோபப்படவில்லை. “நடுவுலயே எறங்கிருவோம், புள்ள. அதுவரைக்கும் நான் வாசல மறிச்சு நிக்கேன்” என்றார். அடுத்த வண்டியில் அப்படியே நின்றார். ஒரு கை கம்பியில், ஒரு கை என் கையில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏற வந்த ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தார். என்னைவிட அவருக்குப் பயம் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு நடந்ததை அவருடைய தங்கைதான் எனக்குச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது, என் கணவர் வாசலில் நின்று கூச்சல் போட்டிருக்கிறார். நான் யாரோடோ ஓடிப்போனதாகவும், அக்காதான் அதற்கு ஏற்பாடு செய்ததாகவும். அக்கா பொய் சொல்லவில்லை. “எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்” என்றாராம். அதற்குப் பிறகு ஒரு காலையில் அக்கா வீட்டுக் கதவு முழுக்கத் தின்னர் ஊற்றிக் கிடந்தது. போலீசில் புகார் கொடுத்தார். என் கணவரை இரண்டு நாள் பிடித்து வைத்து விட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அக்கா தண்ணீர் வாளியைக் கதவருகே வைத்துக்கொண்டுதான் படுத்தாராம்.

சர்ச்சில் பெரியவர்கள் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். நடந்ததைச் சொல்லியிருந்தால் எல்லாரும் அழுது, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் சொல்லத் தொடங்கினால் எந்த ஊர், யார் வீடு என்று பேச்சு வளரும், அது தாணேவரை போகும். அக்கா வாயைத் திறக்கவில்லை. செயலாளர் பொறுப்பு போயிற்று. குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பெயர் வந்தது.

சனிக்கிழமை தோறும் அக்கா எங்களைப் பார்க்க வருவார். தங்கை சொல்லிக் கேட்ட பிறகு வந்த சனிக்கிழமை நான் தாங்க முடியாமல் அழுதேன். “என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சே அக்கா” என்றேன். அவர் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். “பேருக்கு ஆசப்பட்டுத்தானட்டி ஒன்ன போட்டோ புடிச்சேன். அது போனா போட்டும். அந்த ரிப்பன எடு” என்றார்.

இப்போது நாங்கள் கோபர்கைரனேயில் இல்லை. விவாகரத்து வழக்கு முடிந்து எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. என் கணவர் ஊரோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் தின்னர் வாசனை எங்கேயாவது அடித்தால் என் கால் தானாக ஓடப் பார்க்கிறது. ஒருமுறை அக்காவிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று உங்களைப் பற்றிச் சாட்சி சொல்லட்டுமா என்று கேட்டேன். “ஊருக்குப் போனவன் காதுக்கும் அது எட்டிரும்ட்டி” என்று அவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். அதே சர்ச்சுக்குத்தான் இன்றைக்கும் போகிறார். சிலர் அவரைப் பார்த்து ஸ்தோத்திரம் என்று வணக்கம்கூடச் சொல்வதில்லை. என் உயிரைக் காப்பாற்றியதற்காக அவர் கெட்ட பெயரோடு அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்து முழங்கால் போடும்போதெல்லாம், எனக்கு ஜெபிக்க ஒரு வார்த்தையும் வருவதில்லை, அழுகைதான் வருகிறது.