முனிலட்சுமிக்கு வந்த தடையுத்தரவு

ஐம்பத்தாறு வயதில் முனிலட்சுமி முதன்முறையாக ஒரு வழக்கில் பிரதிவாதி ஆனாள். ஓசூரை அடுத்த பாகலூருக்கு அந்தப் பக்கம், அப்பா அவள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போன இருபது சென்ட் நிலம்தான் விஷயம். அதில் கொத்தமல்லியும் முட்டைக்கோசும் போட்டுக்கொண்டிருந்தாள். விற்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. நினைத்தவன் மகன் முனிராஜ். ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவன். சுற்றிலும் லேஅவுட் போட்டுவிட்டார்கள் என்று இரண்டு வருடம் சாப்பிடும்போதெல்லாம் சொன்னான். சோற்றில் கை வைத்திருப்பவனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வாங்க வந்தவர் நல்லுசாமி. நாமக்கல் பக்கத்துக்காரர், வேறொரு கம்பெனியில் ஃபிட்டர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஊரில் தன் பங்கு நிலத்தை விற்று, ஆறு மாதத்தில் பாக்கியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்வதாக ஏற்பாடு. அங்கே அவர் தம்பி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார். தடையுத்தரவு எப்படி வாங்குவது என்பதை நல்லுசாமி அங்கேதான் கற்றுக்கொண்டார். ஆறு மாதம் கழிந்ததும் முனிராஜ் கூடுதல் விலைக்கு வேறு ஆளைக் கூட்டிவந்தான். நல்லுசாமி ஓசூர் கோர்ட்டுக்குப் போனார்.

உத்தரவைக் கொண்டுவந்த கோர்ட் ஊழியர் தமிழில் வாசித்தார். பிறகு தெலுங்கிலும் ஒருமுறை விளக்கிவிட்டு, முடிவாகச் சொன்னார்.

“வழக்கு முடியற வரைக்கும் யாருக்கும் விக்கக்கூடாதும்மா.”

“பயிர் வெக்கலாங்களா?”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அதப் பத்தி ஒண்ணும் எழுதல.”

மறுநாள் ஏர் ஓட்டச் சொல்லி டிராக்டர்காரரிடம் போனாள்.

புரோக்கர்கள் வருவது நின்றது. முனிராஜும் நிலத்தைப் பற்றிப் பேசுவதை விட்டான். வழக்கு ஏழு வருடம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லுசாமி வண்டியை நிறுத்திவிட்டு வரப்போரம் நின்று பார்ப்பார். எதிர்த்தரப்பிடம் பேசக் கூடாது என்று இரண்டு பக்க வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் பேசாமலே ஒரு கட்டு கொத்தமல்லியை நீட்டுவாள். அவரும் பேசாமலே வாங்கிக்கொள்வார்.

வாய்தா தவறாமல் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போனாள். அவளுடைய வக்கீல் ரஞ்சிதா ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்னார்.

“சீக்கிரம் முடிச்சிரலாம்மா.”

“அவசரமில்லீங்க,” என்பாள் முனிலட்சுமி. பாவம், பொறுமைசாலி என்று ரஞ்சிதா நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு நல்லுசாமி வரப்பைத் தாண்டி உள்ளே வந்தார். ஏழு வருடத்தில் முதன்முறையாகப் பேசினார்.

“ரிட்டயர் ஆயிட்டனுங்க அக்கா. பொண்ணு பெங்களூர்ல வீடு வாங்கியிருக்குது, அங்கயே வரச் சொல்லுது. உங்க பையன் அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துட்டாப்ல. கேச வாபஸ் வாங்கிட்டனுங்க.”

“இன்னும் கொஞ்ச நாளு நடத்தியிருக்கலாமே சார்,” என்றாள் முனிலட்சுமி.

மறுநாள் வாய்தா இல்லாமலே ரஞ்சிதாவின் ஆபீசுக்குப் போனாள். அதேபோல ஒரு தடை தனக்கு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

“யார் மேலம்மா?”

“என் மேலதான். விக்கக்கூடாதுன்னு.”

ரஞ்சிதா பேனாவை மூடி வைத்தார். “நிலம் உங்களுது. நீங்க கையெழுத்துப் போடலன்னா யாராலயும் விக்க முடியாது. இதுக்கு எதுக்கு கோர்ட்டு?”

“அது எனக்குத் தெரியுங்க. எம் பையனுக்குத் தெரியணுமே.”

“அத நீங்கதாம்மா சொல்லணும்.”

கோர்ட் சொல்லிக்கொண்டிருந்ததால் ஏழு வருடம் அவளுக்கு அந்த வேலை இல்லாமல் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் பாகலூர் வரை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை முனிராஜ் பெங்களூர்க்காரர்கள் இருவரைக் கூட்டிவந்தான். அவள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

“தடை இருக்குதுப்பா.”

“அதான் எடுத்துட்டாங்களேம்மா.”

“இது நா போட்டது.”

எந்த கோர்ட் என்று வந்தவர்களில் ஒருவர் கன்னடத்தில் கேட்டார். நிலம் விற்பதாக இல்லை என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். பிறகு குனிந்து அடுத்த பாத்தியைக் கொத்தத் தொடங்கினாள்.

முனிராஜ் பதினாறு நாள் அவளிடம் பேசவில்லை. பதினேழாம் நாள் போர் மோட்டார் ஓடவில்லை என்றதும், ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தான். கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு, எத்தனை பாத்திக்குப் பாயணும் என்று கேட்டான். அவள் சொன்னாள்.

அந்தப் பருவம் தக்காளி போட்டாள். விலை போகவில்லை.