சல்லடைக்கு முதுகு காட்டியவன்

போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்குக்கு நான் எழுதிய புரோகிராமை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. தட்டில் பரப்பிய காய்களைக் கேமரா படமெடுக்கும். பருமன் பார்த்துத் தரம் பிரிப்பது புரோகிராமின் வேலை. நான் ஒவ்வொரு காயையும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது தன் விவரங்களைத் தானே சுமக்கும் பொட்டலம், ஆக்கினேன். பருமன், நிறம், தரம் எல்லாம் அந்தந்தக் காயின் பொட்டலத்துக்குள் இருக்கும். பொட்டலங்களை அரே எனும் ஒரே வரிசையில் அடுக்கி, மொத்தத்துக்கும் ஒரே வரியில் கட்டளை போட்டேன். தனித்தனிப் பொட்டலம், மொத்தக் கணக்கு என்ற இரண்டு முறைகளையும் இணைத்துவிட்டேன் என்று முதலாளியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஓட்டியதும் திரை உறைந்து நின்றது. பார்வைக்குத்தான் ஒரே வரி. உள்ளே கணினி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து விசாரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சல்லடை ஆட்டும் அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, நின்னுபோச்சா?”

“ஒவ்வொரு காயா அளவு கேட்டுக்கிட்டு இருக்குக்கா.”

“அட கெரகமே! கொட்டி ஒரு ஆட்டு ஆட்டுனா சின்னதெல்லாம் தன்னால விழுந்துட்டுப் போகுது. காய்கிட்டப் போயி என்ன பேச்சு?”

காய் ஆப்ஜெக்டுகளை அழித்தேன். தட்டுக்கு மட்டும் ஓர் ஆப்ஜெக்ட் வைத்து, அதற்குள் எல்லாப் பருமன்களையும் வெறும் எண்களாக ஓர் அரேயில் கொட்டினேன். கண்ணிமைப்பதற்குள் தரம்பிரிப்பு முடிந்தது.

காய் காயாகக் கேட்காமல் மொத்தமாகப் பிரிக்கும் அவர் கையிலிருந்த சல்லடையும் அதேதான். மாதக்கணக்கில் அது என் மேசையருகே ஆடிக்கொண்டிருந்தது. தூசி பறக்கிறதென்று முகம் சுளித்து, முதல் நாளே நாற்காலியைத் திருப்பிப் போட்டவன் நான்.